பலகையும் படகுதான்

மேடம், டிக்கிய மூட வாணாம்னு டிரைவர் கிட்ட சொல்லுங்க. ஒரே ஒரு நிமிஷம். நாலு நாளு பல்லக் கடிச்சுக்கினு ஒக்காந்திருந்தீங்க. அஞ்சாவது நாளு கடல் எழுந்து நிக்குது, இப்பப் போயி பொட்டிய ஏத்தறீங்களே. கும்புட்டுக் கேக்கறேன். இந்த எத்திராஜு யாரையும் கும்புட்டவன் இல்ல, குப்பத்துல யார வேணாலும் கேளுங்க. ஒம்போது வருஷமா பஞ்சாயத்துல ஒக்காந்திருக்கேன், எனக்கு நேரா நின்னு பேசினவன் கெடையாது. உங்களக் கும்புடறேன்.

அங்க பாருங்க. கல்லு கொட்டி வெச்சிருக்காங்க இல்ல, அதுக்குத் தெக்கால. எண்ணுங்க. ஒண்ணு... ரெண்டு... மூணாவது வருது பாருங்க, அதான். தலை ஒசரம். மேலக்காத்து அடிக்குது, நெலத்துலேந்து கடலப் பாத்து அடிக்கற காத்து, அதனாலதான் அலை அவசரப்படாம நின்னு நிதானமா வருது. இந்தக் காத்து பதினோரு மணி வரைக்குந்தான். அப்பால கடக்காத்து ஏறிடும், அலையோட மொகத்த நசுக்கிடும். அதுல என் பொண்ணு இல்ல, எந்தக் கொம்பன் ஏறினாலும் வுழுவான். இப்ப மணி இன்னா? பத்து இருவதா? அய்யோ.

பங்குனில யாரு மேடம் டீமுக்கு ஆள் எடுக்க தேதி வெச்சது? உங்களச் சொல்லல, உங்க சர்ஃபிங் சங்கத்தச் சொல்றேன். ஏசி ரூம்ல ஒக்காந்து காலண்டரப் பாத்து வெச்சா இப்படித்தான் ஆவும். தை, மாசி, பங்குனி மூணு மாசமும் இந்தக் கடல் செத்த கடல். கொழந்தைய கால் நனைக்க வுடலாம், அவ்ளோதான். சித்திரைல தெக்கேந்து லேசா அசையும். ஆனி, ஆடி, ஆவணி தான் அலைக்கு மாசம். எங்கியோ தெக்க, ஆளே இல்லாத கடல்ல பொயல் அடிச்சா, ஒரு வாரம் கழிச்சு அது நம்ம கரையில வந்து நிக்கும், வரிசை வரிசையா. ஐப்பசி கார்த்திகைல இன்னும் பெருசா வரும், ஆனா அது பைத்தியக்கார அலை, எங்க எழும்பும் எங்க ஒடையும்னு அதுக்கே தெரியாது. ஆடில ஒரு தடவ வந்து என் பொண்ணப் பாத்திருந்தீங்கன்னா நான் இப்படி ரோட்ல நின்னு கெஞ்சுவனா?

அந்த ஆப்பு ஒண்ணு காட்டினீங்களே உங்க போன்ல, அஞ்சாம் நாளு ஒண்ணரை மீட்டரு வரும்னு. நான் சிரிச்சேன். இருவத்தஞ்சு வருஷம் கட்டுமரமும் போட்டும் ஓட்டினவன், எனக்குத் தெரியாததா இந்தப் பொட்டிக்குத் தெரியப் போவுதுன்னு சொன்னேன். சரி, அது ஜெயிச்சுது, நான் தோத்தேன், ஒத்துக்கறேன். ஆனா அந்த ஆப்புக்குத் தெரிஞ்சுதா, அதே நாளு பாத்து தேசம்மா சாவப் போறான்னு?

தேசம்மா யாருன்னு உங்களுக்குத் தெரியும். மொத நாளு கல்லுக்கிட்ட ஓலக் கொட்டாயில கூழு குடிச்சீங்களே, கருவாட்டோட, ரெண்டாவது சொம்பு கேட்டு வாங்கினீங்களே, அவதான். அறுவது கூட ஆவல. விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து அடுப்பு பத்த வெச்சவ, அடுப்புக்கு முன்னாலியே சாஞ்சுட்டா. இன்னிக்கா சாவணும் மேடம்? நாலு நாளு கடல் சும்மாதானே கெடந்துச்சு? தப்புதான், தப்புதான், வாயில வந்துடுது. நல்லவதான். என் பொண்ணு மோனிஷாவுக்கு அத்த அவ. சொந்த அத்த இல்ல, கூப்புட்டுப் பழக்கம். கடல்லேந்து ஈரத்தோட வந்தா இவ துணி மாத்தறது அந்தக் கொட்டாயிலதான், கூழு குடிக்கறதும் அங்கதான். வூட்ல என் பொண்டாட்டி கோமளா ஆக்கி வெச்சது அப்படியே இருக்கும்.

எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியாது. குப்பத்துல சாவு வுழுந்தா ஒரு போட்டு எறங்காது. எடுத்துக்கினு போயி மண்ணு போட்டுட்டு வர்ற வரைக்கும் கடல்ல ஒருத்தனும் கால் வைக்க மாட்டான். எங்க தாத்தன் காலத்துலேந்து அப்படித்தான். அது போட்டுக்கு. பலகைக்கு அந்தச் சட்டம் இல்ல. எங்க தாத்தன் காலத்துல பலகையே இல்லையே, நீங்க போர்டுன்னு சொல்றது. பலகைக்கு எப்படி வந்துச்சுன்னு கேக்கறீங்களா? வந்துச்சு. போன ஆடில வந்துச்சு. பஞ்சாயத்து முடிவு. யாரு போட்டதுன்னா, பஞ்சாயத்துன்னா எல்லாருந்தான். சரி, நாந்தான் எழுந்து பேசினேன். பேசாம இருக்க முடியுமா?

எங்க அண்ணன் கன்னியப்பன் செத்த நாளு அது. ஆடி ரெண்டாவது வெள்ளி. நெஞ்சு வலின்னான், தண்ணி கேட்டான், கொண்டாரதுக்குள்ள போயிட்டான். வூட்டுக்குள்ள பொம்பளைங்க மாரடிச்சுக்கினு அழுவறாங்க. நான் மூச்சு முட்டி வெளிய வந்து கடலப் பாக்கறேன். போட்டெல்லாம் மேல ஏத்தியாச்சு. ஆனா அலை மேல ஒருத்தன் நின்னுக்கினு வரான். ரெண்டு கையயும் விரிச்சுக்கினு, வாயெல்லாம் பல்லா. எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க. வேற யாரும் இல்ல, தேசம்மா பையன் நாகூரான். சர்ஃபிங் கத்துக் குடுத்து அதுலயே பொழச்சுக்கினு இருந்தான். விடியறதுக்கு மின்னாலியே எறங்கிட்டானாம், சேதியே தெரியாதாம். கடலுக்குள்ள இருக்கற புள்ளைக்கு யாரு போயிச் சொல்றதுன்னு தேசம்மா கேட்டா. கேள்வி நியாயந்தான். ஆனா அத காதுல வாங்கிக்கற நெலமையிலயா நான் இருந்தேன்? அவன் கரைக்கு வந்தான். போட்டு உருட்டற கட்ட அங்க கெடந்துச்சு. எடுத்தேன். பலகைய மணல்ல போட்டு நடுவுல ரெண்டு போடு. ரெண்டு துண்டு.

தேசம்மா குனிஞ்சு சின்னச் சின்னச் சிலும்பெல்லாம் பொறுக்கினா, பசங்க காலுல குத்திடும்னு.

பதினாறாம் நாளு காரியம் முடிஞ்ச கையோட பஞ்சாயத்தக் கூட்டினேன். சாவுன்னா சாவுதான், பலகையும் படகுதான், மீறினா பலகைய ஒடைப்போம்னேன். நோட்டுல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. எனக்குக் கை தட்டினாங்க மேடம். மருவாதி இல்லாத ஊரா போயிடக் கூடாது இல்ல?

அப்படிப் பாக்காதீங்க. அவனுக்கு நான் வேற ஒரு கெடுதலும் பண்ணல. ரெண்டு மாசத்துல மஸ்கட்டு போயிட்டான், வெல்டிங் வேலைக்கு. ஏன் போனான்னா... பசங்க போறது தானே. இந்தக் கரையிலேந்து எத்தினி பேரு போயிருக்கானுங்க. பலகை இருந்திருந்தா மட்டும் இங்கியே காலத்த ஓட்டியிருப்பானா? ஓட்டியிருப்பானோ என்னமோ, அது அவன் தலையெழுத்து. ஒடஞ்சதுல ஒரு துண்ட கடல் இழுத்துக்கினு போச்சு. இன்னொரு துண்டு எங்க கோழிக் கூண்டுக்கு மூடியா இருக்குது. நல்ல சரக்கு, பொட்டுத் தண்ணி எறங்காது. வீணாக்குவானேன்னு எடுத்தாந்தேன்.

நான் எதுக்கு இதெல்லாம் சொல்லிக்கினு இருக்கேன்? நேரம் போவுது. இருங்க, இருங்க மேடம், கார் கதவ வுடுங்க.

என் பொண்ணுக்கு இதான் கடைசி வருஷம். ஆவணி வந்தா பதினெட்டு முடியுது. பதினெட்டுக்குக் கீழ ரெண்டு பொண்ணுங்கள எடுக்கறீங்க, ஒருத்திய ஏற்கெனவே எடுத்தாச்சு. மிச்சம் ஒரு எடம். இந்த எடம் கெடச்சா காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட்டு, அவ வாத்தியாரே வூட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு. கெடைக்கலன்னா? எங்க கோமளா தம்பி ஒருத்தன் இருக்கான், ஐஸ் பேக்டரில லோடு ஏத்தறவன். இவளக் கட்டிக்க, ஆவணி எப்ப வரும்னு நாள எண்ணிக்கினு இருக்கான். கோமளாவும் தலைய ஆட்டி வெச்சிருக்கா. நான் ஒத்த ஆளா எதுத்துக்கினு நிக்கறேன். மாநில டீமுக்குப் போவப் போறவடி அவ, ஒன் தம்பி குளிச்சுட்டு வந்து பேசட்டும்னு சொல்லியிருக்கேன். அந்த வாயி தாங்க இப்ப என்னத் தின்னுது. இன்னிக்கி அவ அலை ஏறலன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கினு இன்னொரு தடவ பேசுவேன்?

அதான் காலைல ஆறு மணிக்கு சேதி கேட்ட ஒடனே தேசம்மா வூட்டுக்கு ஓடினேன். அவ தம்பி ஏகாம்பரம் வாசல்ல நின்னுக்கினு இருந்தான். எப்ப எடுக்கறீங்கன்னேன். சாவு வூட்ல யாரா இருந்தாலும் கேக்கறது தானே. நாகூரான் வரணும்னான். பத்து மணிக்கு அங்கேந்து ஃபிளைட்டாம், வூடு வந்து சேர அஞ்சு ஆவுமாம், ஆறு மணிக்கு எடுப்பாங்களாம். நான் சொன்னேன், ஏகாம்பரம், வெயில் காலம், ஒடம்பு தாங்காது, எட்டு மணிக்கே எடுத்துடலாம், பையன் வந்து பாலு தெளிக்கட்டுமேன்னேன். அக்கறையாத்தான் சொன்னேன். ஐஸ் பொட்டி வந்துக்கினு இருக்குதுன்னு மொகத்தத் திருப்பிக்கினான். ஏழு மணிக்கு திரும்பவும் போனேன். ஏழரைக்குப் போனேன். மூணாவது தடவ அவன், ஒரே புள்ளணா, தாய் மொகத்த பாக்க வாணாமான்னு கேட்டான். பாக்கட்டும்யா, யாரு வாணாம்னது? எனக்கு மட்டும் மனசு இல்லியா? ஆனா எனக்கும் ஒரே பொண்ணு.

அப்பால பஞ்சாயத்தாருங்க கிட்ட போனேன். ஒரே ஒரு பொண்ணு, ஒரே ஒரு மணி நேரம், வலை இல்ல, மீனு இல்ல, இஞ்சின் இல்ல, பலகை எப்படிய்யா படகாவும்னு கேட்டேன். எங்க தலைவர் தேசிங்கு இருக்காரே, வெத்தலயத் துப்பிட்டு, எத்திராஜு, நீ பேசினது நோட்டுல அப்படியே இருக்குது, படிச்சுக் காட்டட்டுமான்னாரு. எல்லாரும் சிரிச்சானுங்க. சாவு வுழுந்த தெருவுல நின்னுக்கினு சிரிக்கறானுங்க மேடம். அது மட்டும் மருவாதியா? கடைசில தலைவரே, சாவு வூட்டுக்காரன் வாயால சரின்னு சொன்னா நாங்க தடுக்கலப்பான்னாரு. ஏகாம்பரம் சொல்ல மாட்டான். புள்ள தான் சொல்லணும்.

நாகூரானுக்குப் போன் போட்டேன்.

ஒடச்ச நாள்லேந்து அவன் கிட்ட ஒரு வார்த்த பேசினது இல்ல. அவன் ஏர்போர்ட்ல ஒக்காந்திருக்கான், பின்னால மைக்குல யாரையோ கூப்புடறாங்க. என் கொரலக் கேட்ட ஒடனே அவன் கேட்ட மொத கேள்வி இன்னா தெரியுமா? எங்கம்மா மொகம் எப்படிணா இருக்குதுன்னான். தூங்கற மாதிரி இருக்குதுடான்னேன். சரிணான்னான். அழுவறான்னு தெரியுது. நான் கொஞ்சம் வுட்டுப் புடிச்சு விஷயத்தச் சொன்னேன். மோனிஷா, நீங்க, கடைசி நாளு, எல்லாம்.

எல்லாத்தயும் கேட்டுக்கினான். அப்பால, அலை எப்படிணா இருக்குதுன்னு கேக்கறான் மேடம். தலை ஒசரம்டா, மேலக்காத்துன்னேன். போவச் சொல்லுணா, எங்கம்மா இருந்தா அவளே புடிச்சுத் தள்ளியிருப்பான்னான். கல்லுக்கிட்ட போவ வாணாம், மூணாவது அலைய எடுக்கச் சொல்லுன்னான். மொத மொத இவள பலகையில ஏத்தி அலைக்குத் தள்ளி வுட்டது அவன்தான், அது உங்களுக்குத் தெரியாது. தாயப் பறி குடுத்தவன் எனக்குச் சொல்றான், மூணாவது அலைய எடுக்கச் சொல்லுணான்னு. நான் போன வெச்சுட்டு அந்த எடத்துலயே ஒக்காந்துட்டேன். அப்பறம் எழுந்து ஓடினேன். தலைவர் கிட்ட சொன்னேன், தலைய ஆட்டிட்டாரு. ஏகாம்பரமும் தடுக்கல. மணி ஒம்போதே கால். ஒண்ணே முக்கா மணி நேரம் கையில இருக்குது. சாமி இருக்குதுடான்னு நெனச்சேன்.

இப்ப இவ வரமாட்டேங்கறா!

யாரு ஒத்துக்கணுமோ அத்தினி பேரும் ஒத்துக்கினாங்க, இவ வரமாட்டேங்கறா. ஐஸ் பொட்டிக்கு கால்மாட்டுல ஒக்காந்திருக்கா காலைலேந்து. நான் பந்தலுக்கு வெளிய நின்னு கைய காட்டறேன், கண்ணால கூப்புடறேன், ஊஹூம். ஏகாம்பரம் பொண்டாட்டிய வுட்டு அனுப்பினேன். இவ வந்து வாசப்படில நின்னா. நாகூரானே சொல்லிட்டாண்டின்னேன். அண்ணன் சொல்லுவாருப்பா, அவரு அப்படித்தான்னா. அப்பறம் இன்னாடி ஒனக்குன்னேன். நீதானே சொன்ன, பலகையும் படகுதான்னு, அப்படிங்கறா. அது அப்பன்னேன். சரி, அண்ணன் பலகைய முழுசா கொண்டாந்து குடு, நான் எறங்கறேங்கறா. ஒடஞ்சு ஒம்போது மாசம் ஆவப் போவுது, ஒண்ணு கடல்ல, ஒண்ணு கோழிக் கூண்டு மேல, எங்கேந்துடி கொண்டாருவேன்? கார்ல ஏறு, பக்கத்துக் குப்பத்துக்குப் போயி எறங்கிக்கலாம், அங்க சாவு இல்லன்னேன். அதுக்கு அவ என்ன மேலயும் கீழயும் பாத்தா. 'அண்ணன் இங்கியே இருந்திருந்தா அத்தைய காலைலயே எடுத்திருப்பாங்கப்பா. காலைலேந்து நீ எப்ப எடுக்கறீங்க, எப்ப எடுக்கறீங்கன்னு கேட்டுக்கினு இருக்கியே, இவங்க யாருக்காக காத்துக்கினு இருக்காங்க? அவர இங்கேந்து யாரு அனுப்பினது?' அவ்ளோதான், உள்ள போயிட்டா.

இன்னா அர்த்தம் மேடம் அதுக்கு? நானா டிக்கெட்டு வாங்கிக் குடுத்தேன் அவனுக்கு? அன்னிக்கி பலகைய ஒடைக்கும்போது இவளும் அங்கதான் நின்னா. ஒரு வார்த்த பேசல. இத்தினி மாசம் எனக்குச் சோறு போட்டா, தண்ணி குடுத்தா, சிரிச்சா. மனசுல வெச்சுக்கினு இருந்திருக்கா பாருங்க. நல்லதுக்குப் பண்ணவனத்தான் எல்லாரும் குத்தம் சொல்றாங்க.

நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மேடம். பொம்பளைக்குப் பொம்பள கேப்பா. உங்க மேல அவளுக்கு உசுரு. மேடம் எவ்ளோ நேரா நின்னு பேசறாங்க பாருப்பான்னு நேத்து கூட சொன்னா. பந்தல் வரைக்கும் வந்து, வாம்மான்னு ஒரு வார்த்த. இன்னும் அர மணி நேரம் இருக்குது. நாலு அலை போதும். நீங்க நாலு அலை பாத்தா போதும், அவ எப்படின்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்...

அதோ!

அதோ மேடம், பாருங்க! எங்க வூட்டுச் சந்துலேந்து. பலகையோட வரா! நான் சொல்லல? சொன்னேனா இல்லியா? எம் பொண்ணு மேடம் அவ, அப்பன் நெனச்சத வுட்டுடுவாளா! உடுப்பு மாத்தல, பரவால்ல, சுடிதாரோடயே எறங்குவா, சின்னப் புள்ளையில அப்படித்தான் எறங்குவா. டிரைவர் தம்பி, அந்தப் பைய எறக்குப்பா, மேடம் நோட்டு அதுல இருக்குது. வாங்க மேடம், கல்லுக்குப் பக்கத்துல நின்னா நல்லாத் தெரியும். மோனிஷா! மூணாவது அலை! மூணாவது அலைய எடு!

ஏய்... கடல் இந்தப் பக்கம்டி.

அங்க ஏன் திரும்பறா? அங்க ஏன் போறா மேடம்? பந்தலுக்குள்ள போறா. பலகையோட போறா. சாவு வூட்ல பலகைக்கு இன்னா வேல?

சாத்தி வெக்கறா. தேசம்மா தலமாட்டுல, செவுத்துல சாத்தி வெக்கறா. நேரா நிக்குதான்னு பாக்கறா. அது இவ பலகை மேடம். எங்க குப்பத்துல அத வுட நல்ல பலகை கெடையாது, ரெண்டு வருஷமா மெழுவு போட்டு ராவிக்கினே ஒக்காந்திருப்பா, யாரையும் தொட வுட மாட்டா. இப்ப அது மேல மாலையப் போட்டுடாதீங்கங்கற மாதிரி ஏகாம்பரம் கிட்ட கைய ஆட்டறா. யாருக்கு வெக்கறான்னு...

தெரியுது. தெரியுது மேடம், நீங்க சொல்ல வாணாம். சாயங்காலம் வர்றவனுக்கு.

என் தோள்ல கெடக்கற துண்டப் பாருங்க. ஊருப் பக்கமா பறக்குது. பதினொண்ணு கூட ஆவல, கடக்காத்து ஏறிடுச்சு. அந்த அலையப் பாருங்க, வரும்போதே சரியுது. இனிமே இன்னிக்கி ஒண்ணியும் இல்ல. ஆப்புல பாக்க வாணாம், நானே சொல்றேன்.

கெளம்புங்க மேடம். தம்பி, டிக்கிய மூடுப்பா. உங்களுக்கு அடுத்த ஊருக்கு நேரமாச்சு, அங்கயாவது நல்ல அலையா இருக்கட்டும், அந்தப் பொண்ணுக்காவது. நான் வூட்டுக்குப் போயி அந்தக் கோழிக் கூண்டு மூடிய எடுக்கணும். எடுத்து இன்னா பண்ணப் போறேன்னு தெரியல, ஆனா அவன் வரும்போது அது அங்க இருக்கக் கூடாது.

அதுக்கு மின்னால பந்தலுக்குப் போவணும். எங்கம்மா மொகம் எப்படிணா இருக்குதுன்னு அவன் கேட்டானே, தூங்கற மாதிரி இருக்குதுன்னு சொன்னேனே. காலைலேந்து நாலு தடவ அந்த வூட்டு வாசலுக்குப் போயிட்டு வந்துட்டேன் மேடம். நான் இன்னும் தேசம்மா மொகத்தப் பாக்கவே இல்ல.